இரைச்சலுக்கு அடியில்

பார்வையற்றோர் நூலகத்துக்காகப் படித்துப் பதிவு செய்து அனுப்பிய மூன்றாம் அத்தியாயம் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தபோது டீச்சருக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பதினான்கு வருடம் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி பாடம் நடத்தியவள். பள்ளிக்கூட வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியும், காய்கறிக்காரரிலிருந்து கட்டிய கணவர் வரை எல்லோருக்கும் அவள் இன்னும் டீச்சர்தான். அந்தக் குரலை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

"குரல்ல ஒரு குத்தமும் இல்ல டீச்சர்," என்றார் நூலக மேலாளர் போனில். "குரலுக்குப் பின்னாடிதான் என்னமோ ஓடுது. ஜெனரேட்டர் பக்கத்துல உக்காந்து படிக்கிற மாதிரி இருக்கு."

"ஜெனரேட்டரா? இங்க அப்படி ஒண்ணும் இல்லையே சார்."

"பசங்க இதை ஹெட்போன் மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா கேக்கணும். பத்து நிமிஷத்துலயே தலை வலிக்குதுன்னு ஒரு பொண்ணு சொல்லிட்டா. பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. கொஞ்சம் பாருங்க."

இதற்கு முன்பிருந்த மேலாளர் எதை அனுப்பினாலும் வாங்கி வைத்துக்கொள்வார். புதிதாக வந்திருக்கும் இவர் வானொலியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். காது கூர்மை.

போனை வைத்துவிட்டு டீச்சர் தன் மூலையைச் சுற்றிப் பார்த்தாள். அது ஒரு அறை என்று சொல்வதற்கில்லை. ஒரு பெரிய அறையின் நடுவே பிளைவுட் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் மாமனாருக்கு, இந்தப் பக்கம் அவளுக்கு. ஒரு மேஜை, மைக், எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் தொங்கும் பழைய போர்வை, மேஜைக்குக் கீழே ஏதோ ஆபீசில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. எழுந்து கம்ப்யூட்டரை அணைத்தாள். அணைத்ததும்தான் தெரிந்தது. காதுக்குள்ளிருந்து யாரோ பஞ்சை உருவி எடுத்த மாதிரி அறை சட்டென்று துலங்கியது. ஏழு மாதமாக இந்த இரைச்சலோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறாள், அது இருப்பதே தெரியாமல்.

வேலையை அவள் விட்டதற்குக் காரணம் மாமனார். மீன் துறைமுகத்தில் முப்பது வருடம் ஏலம் கூறியவர் அவர். மைக் இல்லாமல், நாலு படகு தள்ளி நிற்கிறவனுக்கும் விலை கேட்க வேண்டும். கேட்கும். அங்கே அவருக்கு 'வெண்கலம்' என்றே பெயர். பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு கால் திரும்ப வந்தது, கை பாதி வந்தது, நாக்கு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு ஒரு அம்மா வந்தார். "ஆ சொல்லுங்க, ஈ சொல்லுங்க" என்றார். முதல் நாள் மாமனார் வாயைத் திறந்தார். வந்த சத்தத்தைக் கேட்டு அவரே மிரண்டு போனார். அதன் பிறகு அந்த அம்மா எட்டு முறை வந்தும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்ததோடு சரி. வேண்டும் வேண்டாம் எல்லாம் தலையசைப்பிலேயே முடிந்தது. தனியாக விட முடியாத மனிதர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் சிக்கிக்கொண்டாலும் ஓட வேண்டிய வேலை. வீட்டில் யாராவது இருந்தாக வேண்டும் என்று ஆனபோது, அந்த யாராவது யார் என்பதில் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை.

இந்தப் புத்தகம் சமூகப்பணிப் படிப்புக்கான பாடநூல். 'குடிநீரும் பொதுச் சுகாதாரமும்.' பன்னிரண்டு அத்தியாயம்.

முதலில் அவள் குறுக்கு வழி தேடினாள். இரைச்சலை நீக்கித் தரும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. அதில் போட்டு எடுத்த பதிவைக் கணவரிடம் கொடுத்தாள். அவர் கேட்டுவிட்டு, "இரைச்சல் போயிடுச்சு, நல்லா இருக்கு. ஆனா நீ தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துட்டு அங்க இருந்து படிக்கிற மாதிரி இருக்கு. பாடத்துக்குப் பொருத்தம்தான்," என்றார்.

அடுத்து பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு பூனைக்குட்டி படுத்திருக்கும் அளவுக்குத் தூசி. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தாள். மூக்கு அடைத்துக்கொண்டு மூன்று நாள் குரல் கம்மியதுதான் மிச்சம். சத்தம் கொஞ்சம் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

"இதெல்லாம் உனக்கு எதுக்கு? மோட்டார் சத்தத்தை அடக்குறதுதானே என் பொழைப்பு," என்று கணவர் இறங்கினார். லிஃப்ட் மோட்டார் அறையில் ஒட்டியது போக மீந்த தடித்த கறுப்பு ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து, பெட்டியை நாலாபுறமும் சுற்றி, பார்சல் கட்டுவது போல் டேப் ஒட்டினார். அன்று காலை உண்மையாகவே நிசப்தம். டீச்சர் சந்தோஷமாக நாலாம் அத்தியாயத்தை ஆரம்பித்து ஐம்பது நிமிடம் தங்குதடையில்லாமல் படித்தாள். கடைசிப் பக்கத்தில் திரை கறுத்தது. மூச்சுவிட வழியில்லாமல் சூடேறிப் பெட்டி தானாகவே அணைந்துபோயிருந்தது. படித்ததில் ஒரு வரிகூடச் சேமிப்பில் இல்லை.

மத்தியானம் கணவர் சாப்பிட வந்தபோது தட்டை வைத்த சத்தத்திலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"என்ன, அணைஞ்சிருச்சா?"

"இல்ல. சமாதி ஆயிடுச்சு. நீங்கதானே கட்டினீங்க."

அவர் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மாமனாரைக் கீழ்வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு டீச்சரும் கூடப் போனாள். இரண்டு தெரு தள்ளி, ஒரு கடைத்தொகுதியின் மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பெண் ஒருத்தி இருந்தாள். கொண்டையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருப்பாள். பேச்சு குறைவு, அதிலும் பாதி முறைப்பு. ஒட்டிய டேப்பையெல்லாம் பிளேடால் கிழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு இதுக்குக் கம்பளி போத்துனது?"

கணவர் எதிர்க் கடையின் பெயர்ப் பலகையை வாசிக்கத் தொடங்கினார்.

அவள் பெட்டியைத் திறந்தபடியே ஓடவிட்டு, உள்ளே சுற்றும் விசிறிகளின் நடு மூக்கை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தி நிறுத்திக் கேட்டாள். பின்பக்க விசிறியை நிறுத்தியபோது சத்தம் பாதியாக இறங்கியது.

"இதுக்கு பேரிங் போயிடுச்சு. மாத்தணும். பெருசாப் போட்டா மெதுவாச் சுத்தினாலே போதும், சத்தம் வராது. அப்புறம் இந்த ஹார்ட் டிஸ்க். உள்ள தட்டு சுத்துது. அது சுத்துறப்போ தகரம் அதிருது, தகரம் அதிர்ந்தா மேஜை அதிரும், மேஜை மேலதான் மைக் வெச்சிருப்பீங்க. சரியா டீச்சர்?"

"சரிதான்."

"சுத்தாத டிஸ்க் போட்டுத் தர்றேன். பெட்டியைத் தரையில வைங்க, அடியில ரப்பர் வைங்க. சுவத்தை ஒட்டி வெக்காதீங்க, காத்துப் போக வழி வேணும். மைக் ஸ்டாண்டு மேஜையில இருக்கக் கூடாது." பிறகு கணவரைப் பார்த்து, "கம்பளி வேண்டாம்," என்றாள்.

இரண்டு நாளில் பெட்டி திரும்பி வந்தது. மோட்டாருக்கு அடியில் வைக்கும் ரப்பர் கட்டைகள் நாலை எடுத்துவந்து கணவர் பெட்டியின் காலில் பொருத்தினார். மைக்கைத் தனி ஸ்டாண்டில் நிறுத்தினார். ஆன் செய்த பிறகு மூன்று பேரும் நின்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் மாமனார். சத்தம் இல்லாதது அவரையும் வாசல்வரை இழுத்து வந்திருந்தது. ஓடுகிறதா இல்லையா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கணவர் மகிழ்ச்சியில் அப்பாவின் தோளைத் தட்டினார். மாமனார் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் தன் பக்கத்துக்குத் திரும்பிப் போனார்.

டீச்சர் மறுநாளே மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி படித்துப் பதிவு செய்தாள். படித்து முடித்துப் போட்டுக் கேட்டபோது குரல் பளிங்கு மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும், அடுத்த வாக்கியம் தொடங்குவதற்குள், தரையில் எதையோ இழுப்பது போல ஒரு கரகரப்பு. சில இடத்தில் இரண்டு நொடி, சில இடத்தில் நாலு. பெட்டியைக் குனிந்து பார்த்தாள். அது பாட்டுக்குச் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. மேஜையைத் தள்ளினாள், வயரை மாற்றினாள், ஜன்னலை அடைத்தாள், இன்னொரு முறை பதிவு செய்தாள். கரகரப்பு போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவள் பேசாமல் சும்மா ஓடவிட்டுப் பதிவு செய்தால் அது வருவதில்லை.

மாமனாரைக் கீழ்வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள, பதிவைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு மாடிப்படிக் கடைக்கே போனாள். "நீங்க போட்ட விசிறியில ஏதோ உரசுது," என்றாள், கொஞ்சம் குற்றம் சாட்டும் தொனியில்.

அந்தப் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். ஒரு முறை பின்னால் ஓட்டிக் கேட்டாள். ஒலியைக் கூட்டி இன்னொரு முறை கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள்.

"இது மெஷின் இல்ல டீச்சர். இது ஆளு."

"ஆளா?"

"உங்க பின்னாலேயே யாரோ சொல்லிப் பாக்குறாங்க. நீங்க 'கொதிக்க வைத்த நீர்'னு முடிக்கிறீங்க. அங்கேயும் 'நீர்'னு முடியுது. கேளுங்க."

டீச்சர் கேட்டாள். ஒலியைக் கூட்டியதில் அவள் குரல் இடியாக இறங்கியது. அது ஓய்ந்ததும், தொண்டைக்குள் கூழாங்கல் உருள்வது மாதிரி, "கோ... திக்க... வெத்த... நீர்." கடைசிச் சொல் மட்டும் சுத்தமாக விழுந்தது.

கடைக்குள் இருந்த ஒரே ஸ்டூலில் அவள் உட்கார்ந்தாள். அந்தப் பெண் கொண்டையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை உருவினாள். கையிலிருந்த வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் செய்த முதல் வேலை பழைய பதிவுகளை எடுத்ததுதான். ஏழு மாதப் பதிவுகள். தண்ணித் தொட்டி என்று கணவர் கிண்டலடித்த அதே மென்பொருளில் ஒவ்வொன்றாகப் போட்டு, இரைச்சலை நீக்கி, தன் வாக்கியங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளிகளை மட்டும் சத்தம் கூட்டிக் கேட்டாள். முதல் மூன்று மாதத்தில் ஒன்றுமில்லை. நாலாவது மாதம், தையல் பயிற்சிப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, முதல் முறையாக ஒரு 'ஆ.' பிறகு பல நாளைக்கு 'ஆ'வும் 'ஊ'வும்தான். வலியில் முனகுகிற மாதிரி இருந்தது. அப்புறம் உதடு ஒட்டும் எழுத்துகள் வந்தன. 'ப', 'ம'. ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு முழுச் சொல், 'துணி.' அதை அவர் பதினோரு முறை சொல்லியிருந்தார், அவள் மேலே மேலே படித்துக்கொண்டு போனதைப் பொருட்படுத்தாமல்.

அவளுக்கு உடனே வந்தது சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அந்த மூலைதான் வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம். அங்கே தான் தனியாக இருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். படிப்புக்கு நடுவே தங்கைக்குப் போன் போட்டுப் பேசியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. "அது பாட்டுக்குக் கல்லு மாதிரி உக்காந்திருக்குடி. ஒரு கல்லைப் பாத்துக்குறதுக்கா நான் வேலையை விட்டேன்?" பிளைவுட் பலகையின் கனம் ஒரு விரல்கூட இருக்காது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அதில் காது நன்றாகக் கேட்கும் ஒரு மனிதர். 

சாயங்காலம் கணவர் வந்ததும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். ஹெட்போனைக் காதில் வைத்தாள். அவர் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டு முடித்ததும் படியை நோக்கி நடந்தார்.

"எங்க போறீங்க?"

"அப்பாகிட்ட. இத்தனை நாளா நாடகமா ஆடுறார்னு கேக்கத்தான்."

"கேட்டீங்கன்னா இன்னையோட நிறுத்திடுவார்."

"எதுக்கு நிறுத்தணும்? நல்ல விஷயம்தானே?"

"அந்தப் பயிற்சிக்கார அம்மா வந்தப்போ என்ன செஞ்சார்? அவர் குரலை அவராலேயே கேட்டுக்க முடியல. அந்த இரைச்சல் இருந்ததாலதான் வாயைத் திறந்திருக்கார். யாருக்கும் கேக்காதுன்னு. இப்போ இரைச்சல் போயும் பழகின வாய் நிக்கல."

கணவர் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லிஃப்டில் சிக்கியவர்களிடம், பயப்படாதீங்க, கதவைத் தட்டாதீங்க, நான் வெளியிலதான் நிக்கிறேன் என்று தினம் சொல்கிற மனிதர் அவர். "ரெண்டு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல," என்றார் கடைசியில். "துணி, நீருன்னு சுவத்துக்கிட்ட பேசுறார்."

"சுவத்துக்கிட்ட பேசுறது சுலபம்ங்க. அது பதிலுக்கு முகத்தைப் பாக்காது."

அவர் உள்ளே போய்க் கேட்கவில்லை. ஆனால் அன்று அப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போது, வழக்கத்தைவிட அதிக நேரம் அங்கேயே நின்றார்.

இப்போது பதிவுக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி. இரைச்சலோடு அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள், மாமனாரோடு அனுப்பினாலும் திருப்பி அனுப்புவார்கள். டீச்சர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். காலையில் ஒத்திகை. நிதானமாக, வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்கிக்கொள்கிற மாதிரி இடம்விட்டு, கடினமான சொற்களை இரண்டு முறை படித்தாள். ஒத்திகைக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஆனாலும் பெட்டியின் மேல் ஒரு சின்ன மேஜை விசிறியை வைத்துச் சுழலவிட்டாள், அந்தப் பக்கத்துக்கு ஒரு மறைப்பு வேண்டுமே என்று. பத்தரை மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் மாமனாரை வெயில் காய வாசல் பெஞ்சுக்குக் கூட்டிப்போவார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நிஜப் பதிவை முடித்துவிடுவாள்.

இதனால் வேலை இரட்டிப்பானது. நூலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. "ஆறாவது அத்தியாயம் எங்க டீச்சர்?" என்று மேலாளர் கேட்டார். தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொன்னாள். தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டுதான் இருந்தது. அதே பக்கத்தைத் தினம் இரண்டு தடவை படிப்பதில் அவளுக்கே சில நாள் சலித்துப்போகும். குளோரின் கலக்கும் அளவு பற்றிய பகுதியை ஒரு நாள் வேண்டுமென்றே வேகமாகப் படித்துத் தள்ளிவிட்டாள். பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது. அவ்வளவுதான். மறுநாள் அதே பகுதியை மறுபடி மெதுவாகப் படித்தாள்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது சமையலறைக் குழாயின் அடியில் கசிய ஆரம்பித்தது. பிளம்பரை வரச் சொல்லிவிட்டு, பால் வாங்கப் பத்து நிமிடம் கீழே இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஏறி வரும்போதே மேலே வீட்டுக் கதவு திறந்திருப்பது தெரிந்தது. பிளம்பர் அவளுக்கு முன்னே வந்துவிட்டார். உள்ளே தண்ணீர் பீய்ச்சியடிக்கும் சத்தம்.

"ஐயா, மெயின் எங்க இருக்கு? கழட்டினதும் புடுங்கிக்கிச்சு! மெயினை மூடணும், எங்க இருக்கு?"

 டீச்சர் இரண்டிரண்டு படியாகத் தாவினாள். கதவருகே வந்தபோது அந்தக் குரல் கேட்டது. உடைந்த, மெதுவான, ஒவ்வொரு சொல்லையும் கல் தூக்கி வைப்பது போல வைக்கும் குரல்.

"அடைப்பிதழ்..."

"என்னது?"

"அடைப்பிதழ். பிரதானக் குழாயின்... இடப்புறத்தில்... அமைந்துள்ளது."

பிளம்பர் முகத்தில் தண்ணீர் வழிய அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "எதுங்க ஐயா அமைஞ்சிருக்கு?"

மாமனார் இடது கையால் காட்டினார். வாயைத் திறந்து, 'வால்வு' என்று சொல்லப் பார்த்திருக்க வேண்டும். உதடு கோணியது. வரவில்லை. பழகிய தடத்தில் மட்டும்தான் அவர் நாக்கு ஓடும். மற்றதெல்லாம் இன்னும் காடு. "வலஞ்சுழியாக... திருப்பி... மூடுதல் வேண்டும்," என்று முடித்தார்.

பிளம்பர் கை காட்டிய இடத்துக்குப் பாய்ந்து திருகினார். தண்ணீர் நின்றது. சட்டையைப் பிழிந்துகொண்டே, "ஐயா தமிழ் வாத்தியாருங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மாமனார் இல்லையென்று தலையை ஆட்டினார். "ஏலம்," என்றார்.

வாசலில் பால் பாக்கெட்டோடு நின்ற மருமகளை அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஒன்றும் கேட்காதது போல உள்ளே போகலாம். இரண்டையும் செய்யாமல், துடைப்பத்தை எடுத்து வந்து தரையில் நின்ற தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தாள். பிளம்பர் வேலையை முடித்துப் போகும்வரை மாமனார் நாற்காலியை விட்டு எழவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்தவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கல்," என்றார். மூச்சு வாங்கினார். "கல்... பேசுகிறது."

டீச்சரின் கையிலிருந்த துடைப்பம் நின்றது. "மாமா, அது... நான் ஏதோ அன்னிக்கு ஒரு எரிச்சல்ல..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். துறைமுகத்தில் ஏலக் கேட்பு முடிந்தது என்று காட்டும் சைகை அது. மேற்கொண்டு யாரும் பேசக் கூடாது. அவர் இடது பக்க உதடு மட்டும் சற்று மேலேறியிருந்தது. சிரிப்பா, வாதத்தின் இழுப்பா என்று அவளுக்குத் திட்டமாகத் தெரியவில்லை. சிரிப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

கணவரிடம் போனில் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் வந்து, வழக்கம்போல அப்பாவின் அறை வாசலில் நின்று, "என்னப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். தலையசைப்பை எதிர்பார்த்துக் கேட்பதுதான். பதில் தெரிந்துவிட்டதாக எண்ணி நகர்ந்தும்விட்டார்.

"உட்கொண்டேன்," என்றது உள்ளிருந்து வந்த குரல்.

கணவர் அப்படியே நின்றார். திரும்பவில்லை.  பிறகு உள்ளே போய், கட்டிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கலைந்திருந்த போர்வையை மடித்து வைத்துவிட்டு, "தேநீர் அருந்துகிறீர்களா?" என்று கேட்டார், பள்ளி மேடையில் ஒப்பிக்கும் பையன் போல. மாமனார் மகனை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் செய்கிறானா என்று யோசித்திருப்பார். பிறகு, "சிறிதளவு," என்றார்.

அதன் பிறகு வீட்டில் சில வாரங்கள் அந்த மொழிதான் ஓடியது. ஜன்னலை மூட வேண்டுமென்றால், "காற்றோட்டம் மிகுதியாக உள்ளது." மாத்திரை வேண்டாமென்றால், "தேவையற்றது." கீழ்வீட்டுக்காரர் வெயிலுக்குக் கூப்பிட வந்தபோது, "இன்று ஈரப்பதம் அதிகம்," என்று சொல்லி அவரைத் திணறடித்தார். பயிற்சிக்கார அம்மாவை மறுபடி வரச் சொன்னார்கள். அவர் வந்து கேட்டுவிட்டு, "இவ்வளவு கஷ்டமான வார்த்தையெல்லாம் வருது, 'வா போ' மட்டும் வரலையே!" என்று வியந்தார். இந்த முறை மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரவில்லை. 'வா', 'போ', 'குடு', 'இந்தா' என்று சின்னச் சின்னச் சொற்கள் மெல்ல வந்து சேர்ந்தன. ஒரு வசைச் சொல்லும் வந்தது, துறைமுகத்துச் சரக்கு. அதை யாரும் அவருக்குப் படித்துக் காட்டியதில்லை. வெண்கலம் திரும்பவில்லை. அது வராது என்று அந்த அம்மா பக்குவமாகச் சொன்னார். மாமனார் அதற்கும் தலையசைத்தார்.

'குடிநீரும் பொதுச் சுகாதாரமும்' கெடுவுக்கு நாலு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மேலாளர் பன்னிரண்டு அத்தியாயத்தையும் ஏற்றுக்கொண்டு, "இப்போதான் டீச்சர் ஸ்டுடியோ மாதிரி இருக்கு," என்றார். 

அடுத்த மாதம் புதிய புத்தகம் வந்தது. கோழி வளர்ப்பு. காலை ஒன்பது மணிக்கு டீச்சர் மேஜை முன் உட்கார்ந்து, ஒத்திகைக்காக முதல் பக்கத்தைப் பிரித்தாள். மேஜை விசிறியை இப்போது போடுவதில்லை. இடம், வெளிச்சம், கூண்டின் உயரம் என்று ஆசிரியர் வளவளவென்று எழுதியிருந்தார். அவளும் ஏதோ ஞாபகத்தில் கடகடவென்று இரண்டு பத்தி தாண்டிவிட்டாள்.

பலகையில் விரல் மடக்கித் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

"ம்மா," என்றார் மாமனார் அந்தப் பக்கத்திலிருந்து. "கொஞ்சம்... மெதுவாப் படி."

அவள் முதல் வரிக்குத் திரும்பினாள்.